அவர் போர்க்கடலில் இருக்கும்போது நான் பாட்டு கேட்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் தூத்துக்குடி. என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். 2025 ஜூன் மாதம் இஸ்ரேலும் ஈரானும் சண்டை போட்ட பன்னிரண்டு நாளும் அவர் கப்பல் வளைகுடாவில்தான் இருந்தது. கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஆப் என் போனில் இருக்கிறது. ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால் கப்பல் தண்ணீரிலேயே இல்லை, ஈரானில் தரைக்குள் நிற்பதாகக் காட்டியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மத்தியானம் அவரே போன் செய்த பிறகுதான் உயிர் வந்தது. அன்று ராத்திரி நியூஸ் சேனலை நிறுத்திவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. பாட்டு மட்டும் இல்லை. எந்தப் படத்தின் முதல் பாட்டு எந்தத் தேதி வருகிறது, ஆடியோ லாஞ்ச் எங்கே, பாடியது யார் என்று எல்லாச் செய்தியும் தேடித் தேடிப் படிக்கிறேன். கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள் நான். இந்த மாதிரிச் செய்தியெல்லாம் முன்பு படித்ததே இல்லை. என் அத்தை, "என் புள்ள தீக்கு நடுவுல நிக்கான், ஒனக்குப் பாட்டு கேக்குதோ?" என்று கேட்டுவிட்டார்கள். இப்போது அவர் மறுபடியும் அதே பக்கம் போயிருக்கிறார். டிசம்பரில்தான் இறங்குவார். போன் வந்தால் நான் ஏவுகணையைப் பற்றித்தான் கேட்கிறேன். "வேற ஏதாச்சும் பேசேன்" என்கிறார். நான் கல்நெஞ்சக்காரியா? இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா?
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

விட வேண்டாம். நீங்கள் கல்நெஞ்சக்காரியும் இல்லை. கல்நெஞ்சாக இருந்தால் விடியற்காலையில் எழுந்து கப்பலைத் தேடியிருக்க மாட்டீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக மனநல ஆலோசகராக இருக்கிறேன் என்பதால் மட்டுமல்ல, உங்கள் அத்தை கேட்ட அதே கேள்வி என் சின்ன வயதில் என் வீட்டிலும் எழுந்திருக்கிறது என்பதாலும் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கப்பல். அது தரை ஏறியதாக ஆப் காட்டியதற்குக் காரணம், அந்த நாட்களில் ஹார்முஸ் ஜலசந்திப் பக்கம் ஜிபிஎஸ் சிக்னலைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் சிக்னலை வைத்துக் கணக்கிட்டு, அதைத்தான் வெளியே அறிவிக்கிறது. சிக்னல் கெட்டால் கணக்கும் கெடும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் அந்த வாரம் இப்படி இல்லாத இடத்தில் நிற்பதாகத் தெரிந்தன. உங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்கும். உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே இனி அந்தப் படத்தில் கப்பல் குதித்தாலோ காணாமல் போனாலோ, கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்த ஒரு விஷயத்தை ஒரு தாளில் எழுதிப் போன் வைக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். பயம் வரும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகும், எழுதியது மறக்காது.

அந்த ஆப்பை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வரும் மாலுமி வீட்டுப் பெண்களைக் கேட்டால், "எண்ணிப் பார்க்கல டாக்டர்" என்பார்கள். திறந்து பார்த்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி. அந்த நிம்மதி தீர்ந்ததும் மறுபடி கை போனுக்குப் போகும். பார்க்கப் பார்க்க நிம்மதி நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். நியூஸ் சேனலும் அப்படித்தான். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஓர் ஆய்வு செய்தார்கள். குண்டு வெடித்த இடத்திலேயே இருந்தவர்களை விட, அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் மனப் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. நான் முதலில் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு யோசித்தால் புரிந்தது. அங்கே இருந்தவருக்குக் குண்டு ஒரு தடவை வெடித்தது. டிவி முன்னால் உட்கார்ந்தவருக்கு அது நூறு தடவை வெடித்தது.

ஆகவே நீங்கள் அன்று ராத்திரி சேனலை மூடியது, உங்கள் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வேலை. பாட்டுப் போட்டதும் அதுதான். இதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பாட்டு இல்லை, பாட்டுச் செய்தி. பாட்டு ஆறுதல் தரும் என்பது ஊருக்கே தெரிந்தது. போர்க் காலத்தில் ஒருத்தி எதற்காக ஆடியோ லாஞ்ச் தேதியைத் தேட வேண்டும்? அதைத்தான் நீங்களும் விளங்காமல் வெட்கப்படுகிறீர்கள். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்ல, நான் என் ஊருக்குப் போக வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. கொஞ்ச நாளில் மின்சாரம் போனது. நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அது திரும்பி வரவேயில்லை. பொருளாதாரத் தடை என்று ஒரு நீளமான பட்டியல். அதில் பெற்றோலும் இருந்தது, பற்றறியும் இருந்தது. இருக்கிற பழைய பற்றறியை வெயிலில் காயவைத்துக் கடைசிச் சொட்டையும் எடுப்போம். அதுவும் தீர்ந்த பிறகு ரேடியோவுக்கு வழி சைக்கிள் டைனமோதான். சைக்கிளைத் தலைகீழாக, சீட்டும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி நிறுத்துவார்கள். பெடலைக் கையால் சுற்றினால் பின்சில்லு சுழலும், அதோடு ஒட்டிக்கொண்டு டைனமோவும் சுழலும். அது தருவது ஏசி, ரேடியோவுக்கு வேண்டியது டிசி. அதனால் என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, நடுவில் டயோடும் கப்பாசிட்டரும் வைத்து ஈயம் உருக்கி ஒட்டியிருந்தார். சுற்றுகிற கை தளர்ந்தால் குரல் தளரும். கசெட் ஓடிக்கொண்டிருந்தால் பாடுகிறவரின் சுருதியே கீழே இறங்கி, யாரோ நித்திரையில் பாடுவது போல இழுபடும். "கையை விடாதை பிள்ளை" என்று எல்லோரும் கத்துவார்கள். நான் இரண்டு கையாலும் சுற்றுவேன், குரல் மேலே ஏறி நேராகும். இன்றைக்கும் சுருதி என்ற சொல்லைக் கேட்டால் என் தோள்பட்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சுற்றுகிற கைக்கு ஓர் அளவு உண்டு. ஆகவே வீட்டில் சண்டை வரும். இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. அது முடிந்ததும் அப்பப்பா சொல்லுவார், "செய்தி கேட்டாச்சு, காணும், கையை நிப்பாட்டு." அம்மம்மா சொல்லுவா, "இன்னும் ரெண்டு பாட்டு. அதைக் கேட்டால்தான் எனக்கு விடியும்." அப்பப்பாவுக்குக் கோபம் வரும். "சனம் சாகுது, உனக்குப் பாட்டோ?" உங்கள் அத்தை கேட்டது இதையேதான், தங்கச்சி. சொல்தான் கொஞ்சம் வேறு.

இதில் நான் சொல்ல வந்தது வேறு. கொழும்பில் இருந்து வருகிறவர்கள் அப்போது கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து வர வேண்டும். அந்தப் பயணத்தில் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். அப்படி வந்த ஒருவரின் பையில், சவர்க்காரக் (சோப்பு) கட்டியைச் சுற்றியிருந்த ஒரு பழைய இந்தியப் பத்திரிகைத் தாள் எங்கள் ஒழுங்கைக்கு (சந்துக்கு) வந்து சேர்ந்தது. சவர்க்காரத்தை அம்மா எடுத்துக்கொண்டார். தாள் எங்களுக்கு. அதில் அரைப் பக்கத்தில், ரகுமான் என்று ஒரு புதுப் பையன் இசையமைப்பாளராக வந்திருக்கிறான், பாட்டெல்லாம் புது மாதிரியாக இருக்கிறது என்று போட்டிருந்தது. மிச்சம் கிழிந்துபோயிருந்தது. 1992-ல் அவர் சினிமாவுக்கு வந்து எத்தனையோ மாதம் கழிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது அன்றைக்குத்தான் செய்தி.

நாங்கள் ஐந்து பெண்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன பேசினோம் தெரியுமா? "புது மாதிரி" என்றால் எப்படி இருக்கும்? எந்தப் பக்கம் வாத்தியம் வரும்? ஆர் பாடியிருப்பினம்? ஒருத்தி தன் பாட்டுக்கு ஒரு மெட்டையே போட்டுப் பாடிக் காட்டினாள், "இப்பிடித்தான் இருக்கும்" என்று. கசெட்டில் பாட்டுப் பதிந்து தரும் றெக்கோடிங் பார் வைத்திருந்த ஒருவரிடம் தினமும் போய் "வந்திட்டுதோ?" என்று கேட்போம். "அடுத்த கிழமை" என்பார். அடுத்த கிழமையும் "அடுத்த கிழமை" என்பார். மூன்று நாலு மாதம் அந்தக் கேள்வியோடே போனது. இடையில் குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது, பங்கருக்குள் ஓடினோம், வெளியே வந்தோம், பிறகும் போய்க் கேட்டோம். கடைசியில் பாட்டு வந்து கேட்டபோது நாங்கள் நினைத்த மாதிரி அது இல்லை. அதைப் பற்றி இன்னும் இரண்டு மாதம் பேசினோம்.

அந்த வயதில் எனக்கு இது விளங்கவில்லை. படித்து, இந்தத் தொழிலுக்கு வந்து, உங்களைப் போன்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் விளங்கியது. போர் ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் எடுத்துக்கொண்டு போவது நாளைக்கு என்ற சொல்லை. போர்ச் செய்தியில் தேதி இருக்காது. எப்போது முடியும், எப்போது பாதை திறப்பார்கள் என்று எதற்கும் நாள் குறிக்க முடியாது. பாட்டுச் செய்தியில் தேதியைத் தவிர வேறெதுவும் இல்லை! வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி விழா. இதைப் படிக்கிற மனசுக்கு, வெள்ளிக்கிழமை என்று ஒன்று வரப்போகிறது என்று யாரோ சத்தியம் செய்து கொடுத்த மாதிரி. உங்கள் கை அந்தச் செய்தியைத் தேடுவதும் அதற்குத்தான். எந்த நடிகரின் படம் என்பதா முக்கியம்?

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் நடந்ததில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. கார்கிவ் நகரத்தில் வருஷா வருஷம் நடக்கும் இசை விழா அந்த ஆண்டு மார்ச் 26-ம் தேதி தொடங்குவதாக இருந்தது. நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜனங்கள் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள் பாய் விரித்துக் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். வாத்தியக்காரர்கள் சிலர், அதே மார்ச் 26-ம் தேதி, ஒரு மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கிப் போய் அங்கே இருந்தவர்களுக்கு நடுவில் வாசித்தார்கள். விழா இல்லை, மேடை இல்லை, ஆனால் தேதியை விடவில்லை. அந்தத் தேதியைக் காப்பாற்றியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

லண்டனில் 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும் தியேட்டர்களையும் கச்சேரி அரங்குகளையும் மூடிவிட்டார்கள். தேசிய ஓவியக் கூடத்தில் இருந்த படங்களையெல்லாம் குண்டுக்குப் பயந்து வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். வெறும் சுவர்தான் மிச்சம். மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் அந்தக் காலிக் கூடத்தைக் கேட்டு வாங்கி, அக்டோபர் 10 முதல் திங்கள் தொடங்கி வெள்ளி வரை தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கச்சேரி நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். லண்டனில் ராத்திரி ராத்திரியாகக் குண்டு விழுந்த மாதங்களில் கச்சேரியை நிலவறைக்கு மாற்றினார்களே தவிர நிறுத்தவில்லை. 1946 ஏப்ரல் வரை மொத்தம் 1,698 கச்சேரிகள். ஆபீஸ் போகிறவர்கள், பட்டாளத்தில் இருந்து லீவில் வந்தவர்கள், பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிவிட்ட தாய்மார் எல்லோரும் வந்தார்கள். "நாளைக்கு யார் வாசிக்கிறார்கள்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டிருப்பார்கள் இல்லையா? அந்தக் கேள்விக்குள் நாளை என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள்.

நம் பக்கமும் நடந்திருக்கிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னைப் பட்டணம் பாதிக்கு மேல் காலியானது. மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலிகள் குண்டு விழுந்து தப்பித்து வந்துவிடுமோ என்று அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். பர்மாவில் இருந்து லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிள்ளையை அனுப்பிய செட்டிநாட்டு வீடுகளிலும், தஞ்சாவூர், இராமநாதபுரத்து வீடுகளிலும் கடிதம் இல்லை, தந்தி இல்லை, மகன் இருக்கிறானா என்றே தெரியாது. அதே வருஷங்களில்தான் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தமிழிசை விவாதம் உச்சத்தில் இருந்தது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு. அதே ஆண்டு தொடங்கிய கல்கி பத்திரிகை தமிழிசைக்காகப் பேசிக்கொண்டே இருந்தது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டு எத்தனை பாட வேண்டும், கச்சேரிக் கடைசியில் துக்கடா என்ற சின்னப் பாட்டாகப் பாடினால் போதுமா என்று ஊரே அடித்துக்கொண்டது. ரங்கூனில் இருந்து மகன் வருவானா என்று திண்ணையில் காத்திருந்த ஒரு தகப்பன், அந்தக் கட்டுரையையும் வரி விடாமல் படித்துப் பக்கத்து வீட்டுக்காரரோடு வாதாடியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் மகனை மறந்தா வாதாடினார்?

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் ஆலோசகராக ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பாட்டும் பாட்டுச் செய்தியும் உங்களைத் தாங்குகிறதா, இல்லை மூடிவிடுகிறதா? இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. காதில் இயர்போன் இருக்கும்போது வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் எடுத்துவிட்டுத் திரும்ப முடிகிறதா? பாட்டு முடிந்ததும் எழுந்து உலை வைக்க முடிகிறதா? அப்படியென்றால் ஒரு குறையும் இல்லை. விடிய விடிய ஒரு செய்தியில் இருந்து இன்னொரு செய்திக்குத் தாவி, கண் எரிந்து, என்ன படித்தோம் என்றே நினைவில்லாமல் போனால், அது ஏவுகணைச் செய்தி பார்த்த அதே பழக்கம், வேறு புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "பார்க்காமல் இருக்க முடியாது" என்ற இடத்துக்கு அதுவும் போகக்கூடாது. அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்தச் செய்தியும் வேண்டாம், பாட்டுச் செய்தியும் வேண்டாம். பாட்டு மட்டும் இருக்கட்டும். அதுவும் பழகின பாட்டு. தூக்கம் வர வேண்டிய நேரத்தில் புதுப் பாட்டு மனசை எழுப்பிவிடும்.

போர்ச் செய்தியை முழுக்க நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தினால் கற்பனை வேலை செய்யத் தொடங்கும், அது எந்தச் சேனலையும் விட மோசம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பத்துப் பத்து நிமிஷம். வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள், வீடியோ வேண்டாம். கப்பல் ஆப்பும் அந்த நேரத்தில் மட்டும். எங்கள் வீட்டில் இதை அம்மம்மாவும் அப்பப்பாவும் சண்டை போட்டே கண்டுபிடித்தார்கள். டைனமோ முதலில் செய்திக்கு, பிறகு பாட்டுக்கு. இரண்டும் ஒரே கையால் சுற்றியதுதான்.

ஒரு பாட்டு கேட்டால் அழுகை வருகிறது என்றால் அதைத் தவிர்க்கவும் வேண்டாம், வலிந்து கேட்கவும் வேண்டாம். அழுகை நாலைந்து நிமிஷத்தில் அடங்கி, மனசு லேசானால் நல்லது. அடங்காமல் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பாட்டு டிசம்பர் வரை ஓரமாக இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றால் என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் இலவசச் சேவை, தமிழில் பேசலாம், எந்த நேரமும்.

பாடகர் குழுவை ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. என் ஊகம், "இவளுக்குப் பாட்டு கேட்குதோ" என்ற பேச்சு கோயில் வாசலிலும் கேட்கும் என்ற பயம். திரும்பப் போங்கள். கேட்பதை விடப் பாடுவது உடம்புக்கு நல்லது என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். நீளமாக ஒரு வரியைப் பாட வேண்டுமென்றால் மூச்சை மெதுவாக விட வேண்டும். மூச்சு மெதுவானால் நெஞ்சுத் துடிப்பும் மெதுவாகும். பதற்றத்தில் வருகிறவர்களுக்கு நாங்கள் பயிற்சியாகச் சொல்லிக் கொடுக்கும் மூச்சை, பாடகர் குழுவில் நீங்கள் சும்மாவே செய்துகொண்டிருந்தீர்கள். தவிர, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி எப்படியும் நவம்பரில் தொடங்கிவிடும். அவர் இறங்கும் மாதத்துக்கு நீங்கள் பாடிப் பழகுவீர்கள். உங்கள் கையில் ஒரு தேதி இருக்கும்.

உங்கள் அத்தையைப் பற்றி. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டது மாமியார் இல்லை, தாய். பிள்ளைக்காகத் தான் படும் பாட்டைப் பக்கத்தில் இன்னொருத்தி படவில்லையோ என்று அந்த மனசு தவிக்கிறது. அவர்கள் சாயங்காலம் ஜெபமாலை சொல்லுவார்கள் என்று நினைக்கிறேன். ஐம்பத்து மூன்று மணி, ஒரே ஜெபம், ஒரே தாளம், விரல் நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் பாட்டில் தேடுவதை அவர்கள் மணியில் தேடுகிறார்கள். "நீங்களும் நானும் ஒன்றைத்தான் செய்கிறோம்" என்று விளக்கப் போகாதீர்கள், அது வாதமாகிவிடும். ஒருநாள் ஜெபமாலை முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து மாதா பாட்டு ஒன்றைப் பாடுங்கள். பிறகு, "அவர் சின்னதுல என்ன பாட்டு பாடுவாரு அத்தை?" என்று கேளுங்கள். அப்பப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவா? 1995 அக்டோபர் 30-ம் தேதி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில், லட்சக்கணக்கான சனத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தோம். வீட்டில் இருந்து அவர் எடுத்து வந்தது காணி உறுதிப் பத்திரம், அம்மம்மாவின் மருந்து, பிறகு ஒரு துவாயில் சுற்றிய டைனமோ. "செய்தி கேக்க வேணுமெல்லோ" என்றார். அந்தத் துவாயை விரித்தபோது டைனமோவோடு அம்மம்மாவின் கசெட் ஒன்றும் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறகு நாங்கள் இந்தியாவுக்கு வந்து, திருச்சியில் நிலைத்தோம். யாழ்ப்பாணத்தில் டைனமோ சுற்றிச் சுற்றிப் பாட்டுக்காகக் கேட்டது திருச்சி வானொலியைத்தான். அந்த ஊருக்கே வந்து சேர்ந்தேன்.

கடைசியாக, போன். இதைத்தான் நீங்கள் உடனே மாற்றலாம். அவருக்கு அங்கே ஏவுகணையைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். கேப்டன் சொல்லுவார், எச்சரிக்கைச் செய்தி வரும், இரவுக் காவலில் கண்ணால் பார்ப்பார். அந்த மூன்று நிமிஷ அழைப்பில் அவருக்கு வேண்டியது தூத்துக்குடி. நீங்கள் ஏவுகணையைக் கேட்டால், பயந்தவராக இருக்கும் அவரே உங்களைத் தேற்ற வேண்டியதாகிறது. தேற்றுவதற்கு அவரிடம் தெம்பு இல்லாத நாளில்தான் "வேற ஏதாச்சும் பேசேன்" என்கிறார். பாதுகாப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வி, முதலிலேயே: "இன்னைக்கு எப்படி இருக்கு?" அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தோண்ட வேண்டாம். (இனி அந்தப் பக்கம் போக வேண்டுமா, மறுக்கலாமா என்ற பேச்சு வேறு. போர் அபாயப் பகுதி என்று அறிவித்த கடலுக்குள் போக மறுக்கும் உரிமை, சர்வதேசத் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல்களில் மாலுமிக்கு உண்டு. அதை அவர் டிசம்பரில் இறங்கியதும், அடுத்த காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடும் முன்பு, உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். நடுக்கடலில் இருப்பவரிடம் போனில் வேண்டாம்.)

மிச்ச நேரத்துக்கு உங்களிடம்தான் சரக்கு இருக்கிறதே! இத்தனை நாளாகக் குற்றம் செய்வது போல ஒளித்துப் படித்த செய்தியெல்லாம் அவருக்காகச் சேர்த்து வைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போன் வந்தால் சொல்லுங்கள்: இந்த வெள்ளிக்கிழமை அந்தப் பாட்டு வருகிறது, யார் பாடியிருக்கிறார், ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள். நெட் கிடைக்கிற துறைமுகத்தில் நின்றால் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் முன்னால் கேட்டுவிடாதீர்கள். அவரும் கேட்ட பிறகு, பிடித்ததா என்று இரண்டு பேரும் சண்டை போடுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தங்கச்சி.